டிஸ்பேஸை நிறுவினால் மட்டும் போதாது, சார்

கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் போன வாரம் டிஸ்பேஸ் (கோப்புகளைச் சேமித்துத் தேடித்தரும் மின்காப்பக மென்பொருள்) ஓடிய சர்வர் படுத்துவிட்டது. ஆய்வேடுகள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். “பேக்கப் இருக்கு சார்” என்று ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார்கள். திறந்தால் அசெட்ஸ்டோர், அதாவது டிஸ்பேஸ் கோப்புகளைப் போட்டுவைக்கும் அடைவு மட்டும். உள்ளே எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகள். எது யாருடைய ஆய்வேடு என்று சொல்லும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை யாரும் நகலெடுக்கவில்லை. இப்படி எத்தனை இடம்!

கேட்டால் எங்கும் ஒரே பதில்: “இலவச சாப்ட்வேர்தானே, அப்படித்தான் இருக்கும்.” எனக்குக் கோபம் வருவது இங்கேதான். டிஸ்பேஸை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி கணினி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2002-இல் வெளியிட்டன. நூலக நிர்வாக மென்பொருளான கோஹாவை 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா என்ற சிறிய வட்டார நூலக அமைப்பு காசு கொடுத்து எழுதவைத்தது. பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டி ஓடாது என்ற கவலை. பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நமக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். உழைப்புக்கு யாரோ செலவழித்தார்கள், இன்றும் செலவழிக்கிறார்கள். இது ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்து மாதிரி. தண்ணீர் மட்டும் வேண்டும், மண் சுமக்க வரமாட்டேன் என்றால் எப்படி?

அப்புறம், “எங்கள் தேவைக்கு மாற்றியிருக்கிறோம்” என்ற பெருமை. எம்சிஏ மாணவர் ஒருவர் ப்ராஜெக்டுக்காக டிஸ்பேஸின் திரைப் பக்கங்களை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்புகளில் கைவைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். எதை மாற்றினார் என்று ஒரு வரிக் குறிப்புகூட இருக்காது. 2021-இல் வந்த டிஸ்பேஸ் ஏழாம் பதிப்பில் பழைய முகப்புகளை எடுத்துவிட்டு ஆங்குலர் என்ற வேறு நிரல் கட்டமைப்பில் புதிதாக எழுதிவிட்டார்கள். நம் ஒட்டுவேலை எதுவும் அதில் ஓடாது. அதனால் பயந்துபோய் ஆறாம் பதிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. உருப்படியான வசதி என்றால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் வழியாக டிஸ்பேஸின் மூலக் குழுவுக்கு அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால், அதைப் பராமரிக்கும் சுமை உங்கள் தலையில் மட்டும் இருக்காது.

தரவுத்தளம், அசெட்ஸ்டோர், கட்டமைப்புக் கோப்புகள் மூன்றையும் தினமும் சேர்த்தே நகலெடுங்கள். ஒரு நகல் வெளியூரில் இருக்கட்டும். கடலூர் நகலைப் புதுச்சேரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். 2011-இல் ‘தானே’ புயல் இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் அடித்தது. நகலிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பாருங்கள்.

நிரல் எழுதத் தெரியாது என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள். திரையில் தெரியும் சொற்கள் மொழிக்கு ஒரு கோப்பாகத் தனியே இருக்கின்றன. அதில் தமிழைச் சரிபார்க்க நூலகரைவிடப் பொருத்தமானவர் யார்? பிழை கண்டால் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது என்று எழுதி அனுப்புங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு தேடலில் சிக்கவில்லை என்று மட்டும் புகார் அனுப்ப வேண்டாம். அது டிஸ்பேஸின் குற்றம் இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.