கன்னியாவுக்குக் கீழே எரிமலை இருக்கிறதா?

பின்னேர ஆங்கில வகுப்பில் அன்றைக்கு வாசிப்புப் பாடம் எரிமலையும் நிலநடுக்கமும். வல்கேனோ, மக்மா (நிலத்துக்குள் உருகிய பாறை), லாவா என்று புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, உச்சரிப்பும் சொல்லிக் கொடுத்து முடிக்கிற நேரம் கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "ரீச்சர், அப்ப கன்னியாவுக்குக் கீழயும் மக்மா இருக்குதோ?"

திருகோணமலைப் பிள்ளைக்கு இதை விட நல்ல கேள்வி தோன்ற முடியாது. நகரத்திலிருந்து அனுராதபுரம் போகும் வீதியில் சில கிலோமீற்றர் போய்த் திரும்பினால் கன்னியா. சின்னச் சின்னதாக ஏழு கிணறுகள். அடுப்பு இல்லை, விறகு இல்லை, தண்ணீர் மட்டும் எப்போதும் சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் ஏழு இடத்தில் வாளை ஊன்ற, அங்கே ஊற்றுக் கிளம்பியது என்பது நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அந்தியேட்டிக் கிரியை செய்ய இன்றைக்கும் சனங்கள் அங்கே போகிறார்கள். வாளி வாளியாக அள்ளி வார்க்கும்போது, இந்தச் சூடு எங்கேயிருந்து வருகிறது என்று நானும் சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். ஆனால் யாரிடமும் கேட்டதில்லை.

பதில் நேரடியானது: கன்னியாவுக்குக் கீழே எரிமலை இல்லை. இலங்கையில் எங்கேயும் உயிருள்ள எரிமலை இல்லை. ஆனால் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை மூட எனக்கு மனம் வரவில்லை. எரிமலை இல்லாத ஊரில் தண்ணீர் ஏன் சுடுகிறது என்பது எரிமலையை விடச் சுவாரசியமான விஷயம்.

முதலில் சொற்களைச் சரி செய்ய வேண்டியிருந்தது. பாடத்தில் கிரஸ்ட், பிளேட், ஃபோல்ட் என்று மூன்று சொற்கள் வருகின்றன. கிரஸ்ட் என்றால் பாணின் மொறுமொறுப்பான கரை, பிளேட் என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் கோப்பை, ஃபோல்ட் என்றால் பிழை. பிள்ளைகளுக்கு மூன்றும் தெரியும். தெரிந்த சொல் என்பதால்தான் சிக்கலே. "பூமியின் பிழையால் நிலநடுக்கம் வந்தது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். புவியியலில் ஃபோல்ட் என்பது பாறை உடைந்து, உடைந்த இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பிளவு. பிளேட் என்பது கண்டத்தையும் கடலடியையும் சேர்த்துச் சுமக்கும் பெரும் பாறைத் தட்டு. கிரஸ்ட் என்ற சொல்லுக்குப் பாண் பொருத்தமான உவமைதான், ஆனால் அளவு பிழைக்கும். எங்கள் காலுக்குக் கீழே மேலோடு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தடிப்பு. பூமியின் நடுவுக்குப் போக 6371 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் இது முட்டை ஓட்டை விடவும் மெல்லியது.

ஓட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் லாவாக் கடல் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல பெரியவர்களும் அப்படித்தான். படங்களில் மேலோட்டுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக நிறம் பூசி வைப்பதால் வந்த வினை. உண்மையில் மேலோட்டுக்குக் கீழே 2900 கிலோமீற்றர் ஆழம் வரை போகும் மூடகம் கிட்டத்தட்ட முழுவதும் திண்மப் பாறை. பயங்கரச் சூடு, ஆனால் மேலே உள்ள பாரம் அதை உருக விடாமல் நெருக்குகிறது. ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் 1989 இல் மனிதர் 12,262 மீற்றர் ஆழம் வரை துளைத்தார்கள். அங்கே வெப்பம் 180 பாகை செல்சியஸ். துளைக்கும் கருவி திணறிப் போனது. ஆனால் ஒரு துளி மக்மாவும் வரவில்லை.

எரிமலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரையைத் தோண்டிக்கொண்டு போனால் சூடு ஏறும். பூமி உருவானபோது அடைபட்ட வெப்பம் ஒரு பங்கு. பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் சிதையும்போது வெளிவிடும் வெப்பம் இன்னொரு பங்கு. சராசரியாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை கூடும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் கன்னியா விளங்கிவிடும்.

மழை பெய்கிறது. பெரும்பகுதி ஓடிவிடும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். அதிலும் ஒரு சிறு பங்குக்குப் பாறையில் ஆழமான வெடிப்புக் கிடைத்தால், அது நூற்றுக்கணக்கான மீற்றர், சில வேளை கிலோமீற்றர் கணக்கில் கீழே போகும். போகப் போகச் சூடாகும். கீழே இருக்கும் நீர் மேலே இருந்து வரும் நீரின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே ஏறும். மெதுவாக ஏறினால் வழியிலேயே ஆறிச் சாதாரண ஊற்றாகிவிடும். விரைவாக ஏறினால் சூடு மிஞ்சும். கன்னியாவில் அது ஏறத்தாழ 40 பாகை, எங்கள் உடம்புச் சூட்டுக்குச் சற்றே மேல். ஏழு கிணற்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசப்படுவதைக் குளித்தவர்கள் கவனித்திருப்பார்கள். கீழிருந்து வரும் வெந்நீரோடு மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு அளவில் கலக்கிறது.

சரி, அந்த வெடிப்பு ஏன் இங்கே? இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறை. மடகஸ்காரும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் எங்களோடு ஒட்டியிருந்த கோண்டுவானாக் காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், வெந்து நெரிந்து உருமாறிய பாறைகள் இவை. மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்குப் பக்கத்து விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை வரைபடத்தில் பார்த்தால், நாட்டின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. கன்னியாவில் தொடங்கி, மகா ஓயா வழியாக, அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலெஸ்ஸ வரைக்கும். இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் ஒட்டிய தையல் அது. தையல் ஓரம்தான் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம் இருக்கிறது, பெயரே குளியல். அங்கேயும் 46 பாகை வெந்நீர் ஊறுகிறது, அங்கேயும் எரிமலை கிடையாது. ஆங்கிலப் பாடத்துக்கு அது நல்ல உதாரணமாகப் போயிற்று.

அப்புறம், மக்மா எங்கேதான் உண்டாகிறது? பாறை உருகுவதற்கு ஏதாவது ஒன்று மாற வேண்டும். தட்டுகள் பிரியும் இடத்தில் அழுத்தம் குறைந்து உருகும். தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே அமிழும் இடத்தில், அமிழும் கடலடிப் பாறை தண்ணீரையும் கூடவே கொண்டு போகிறது. சுமார் 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்தத் தண்ணீர் பிழிந்து மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறும். ஐஸ்கட்டியில் உப்புத் தூவினால் குளிரிலேயே கரையத் தொடங்கும் அல்லவா, அதேபோல நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகியது நிலத்துக்குள் இருக்கும் வரை மக்மா, வெளியே வந்தால் லாவா. பரீட்சையில் பிள்ளைகள் மாற்றி எழுதும் சோடி இது. மக்மாவில் கரைந்திருக்கும் வாயு மேலே வர வர, குலுக்கிய சோடாப் போத்தல் திறந்ததுபோல நுரைத்து வெடிக்கும்.

இலங்கை இருக்கும் தட்டு இந்தோனேசியாவின் ஓரத்தில் இப்படித்தான் அமிழ்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிகக் கிட்டிய உயிருள்ள எரிமலையும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது: அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. திருகோணமலையிலிருந்து கிழக்கே சுமார் 1400 கிலோமீற்றர். அதே விளிம்பில் தெற்கே 1883 ஓகஸ்ட் 27 இல் கிரக்கத்தோவா வெடித்தது. வெடித்த சத்தம் 4800 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் றொட்ரிகஸ் தீவில் கேட்டது. கடல் எழுந்து 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே அலையால் காலித் துறைமுகத்தில் கடல் வற்றி, திரும்ப ஏறியது.

ஆகவே கன்னியாவின் சூடு எங்கள் காலடியிலிருந்தே வருகிறது. எங்களுக்கு வந்த ஆபத்து அப்படி அல்ல, கடல் தாண்டித் தூரத்திலிருந்து வந்தது. 2004 சுனாமியைச் சொல்கிறேன். வகுப்பில் உள்ள பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்களுக்கு அது வீட்டில் சொல்லும் கதை. கிண்ணியாவிலும் மூதூரிலும் சொந்தங்களை இழந்த வீடுகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் இந்தப் பகுதியை நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

இறுகிப்போன லாச்சியை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்க அசையாது. கையில் பலம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கணத்தில் சட்டென்று விடுபட்டு உள்ளே இருந்ததெல்லாம் சிதறும். தட்டுகளும் அப்படி. கீழே போகும் தட்டு நகர்ந்துகொண்டே இருக்க, மேலே உள்ள தட்டின் ஓரம் அதனோடு ஒட்டிக்கொண்டு வளைந்து நிற்கும், நூற்றாண்டுக் கணக்கில். 2004 டிசெம்பர் 26 காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 7 மணிக்குச் சற்று முன், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கப்பால் அந்த ஒட்டு விட்டது; கடலடி எழும்பி மேலே இருந்த நீரைத் தூக்கியது. 9.1 அளவு. பிளவு ஓரிடத்தில் நிற்காமல் வடக்கே அந்தமான் வரை 1200 கிலோமீற்றருக்கு மேல் கிழிந்துகொண்டு போக ஏறத்தாழ பத்து நிமிடம் எடுத்தது. அளவு என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஓர் எண் கூடினால் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு. 7 க்கும் 9 க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

பாறை வழியாக வரும் அதிர்வுக்கு வேகம் அதிகம், விநாடிக்குச் சுமார் 8 கிலோமீற்றர். திருகோணமலை 1700 கிலோமீற்றர் தூரம் என்பதால் நாலு நிமிடத்துக்குள் முதல் அதிர்வு இந்தத் தீவைத் தொட்டுவிட்டது. ஆனால் கடல் வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இந்து சமுத்திரத்துக்கு அன்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை.

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. நாலு கிலோமீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றர், ஆகாய விமானத்தின் வேகத்துக்குக் கிட்டே. பத்து மீற்றர் ஆழத்துக்கு வந்தால் 36 மட்டுமே. முன்னால் போகும் நீர் மெதுவாக, பின்னால் வருவது இன்னும் வேகமாக வர, நீர் குவிந்து உயர்கிறது. நடுக்கடலில் அதன் உயரம் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டபோது பனை மரம், தென்னை மரம் என்றார்கள். அன்று தற்செயலாக மேலே போன ஜேசன் என்ற செய்மதி அளந்தது சுமார் 60 சென்ரிமீற்றர். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்தில் பரந்த அரை மீற்றர் ஏற்றத்தை ஆழ்கடலில் படகில் இருப்பவர் உணரவே முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். கடல் உள்வாங்கினால் ஓடு என்று பாடநூல்கள் சொல்கின்றன, அது சரி. ஆனால் கடலடி உயர்ந்த பக்கம் எங்களை நோக்கியிருந்ததால், இலங்கையின் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏற்றம். தாய்லாந்துப் பக்கம்தான் முதலில் வற்றியது. இங்கே முதல் அலைக்குப் பிறகு கடல் வெகுதூரம் பின்வாங்கி, அடுத்தது அதை விடப் பெரிதாக வந்தது. வற்றிய கடலைப் பார்க்கப் போனவர்கள் பலர் அதில்தான் அகப்பட்டார்கள். ஆகவே கடல் வற்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதல் அலையோடு முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது.

ஒரு பையன் 2012 பற்றி அப்பா சொன்னதைச் சொன்னான். அந்த ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்க, கரையோரச் சனமெல்லாம் ஓடியது, பெரிய அலை வரவில்லை. அந்த முறை தட்டின் இரு துண்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலடி மேலே தூக்கப்படவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் கையைப் பக்கவாட்டில் வீசிப் பாருங்கள், பிறகு அடியிலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆனாலும் அன்று ஓடியவர்கள் செய்தது சரியான வேலை. நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது ஓடும் நேரத்தில் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

தட்டின் நடுவில் இருந்தாலும் இலங்கை முற்றாக அமைதியான நிலமல்ல. 1615 ஏப்ரலில் கொழும்பில் பெரும் அழிவு நடந்ததாகப் போர்த்துக்கேயர் காலப் பதிவு உண்டு. 2018 செப்டெம்பரில் ஒரு நள்ளிரவில் திருகோணமலையிலேயே சின்ன நடுக்கம் ஒன்றை உணர்ந்தோம். அளவு நாலைத் தொடாதது, சேதமில்லை.

வகுப்பு முடிய, கற்றுக்கொண்டதில் ஒன்றை ஆங்கிலத்தில் ஒரே வசனமாக எழுதச் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்து கேள்வி கேட்டவள் எழுதியது: "கன்னியா வோட்டர் இஸ் ஓல்ட் ரெயின்." அதற்குக் கீழே, பென்சிலால் மூன்று கோடு இறங்கி, ஒரு வளைவு, மூன்று கோடு ஏறி, மேலே ஏழு சின்ன வட்டங்கள்.