முன்சக்கரத்தை இறக்கத் தெரிந்தவர்கள்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்குவது அவ்வளவு கடினமான வேலை இல்லை. கொஞ்சம் திறனுள்ள எஞ்சினும், கிளட்சைச் சட்டென்று விடத் தெரிந்த கையும் இருந்தால் சக்கரம் எழும்பிவிடும். எழும்பிய சக்கரத்தை நினைத்த நேரத்தில், நினைத்த இடத்தில் இறக்குவதற்குத்தான் பல வருடப் பயிற்சி வேண்டும். அமெச்சூர் ஸ்டன்ட் ரைடரையும் தொழில்முறை ஸ்டன்ட் ரைடரையும் பிரித்துக்காட்டச் சொன்னால், நான் முதலில் கவனிப்பது பின்பிரேக்கை. அதன் மேல் விரலோ பாதமோ எப்போதும் தயாராக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காசு வாங்குகிறாரா, ரசிகர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஏன் என்று புரிய, முன்சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டும் வீலிங்கின் இயற்பியலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். வண்டி, ஓட்டுபவர் இரண்டின் எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். ஓரளவு பெரிய பைக்கில் அது தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து முன்பக்கமாக அதே 70 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். நிஜ வண்டிகளும் இதிலிருந்து அதிகம் விலகுவதில்லை. வண்டியை முன்னே தள்ளும் விசை தரைமட்டத்தில், பின்டயரின் அடியில் பிறக்கிறது. எடையோ மேலே இருக்கிறது. அதனால் முடுக்கம் கூடும்போதெல்லாம் வண்டி பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும். நாம் எடுத்துக்கொண்ட அளவுகளுக்கு, முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை எட்டினால் முன்சக்கரம் தரையை விட்டுவிடும்.

சக்கரம் உயர உயர ஈர்ப்பு மையம் பின்னால் நகர்கிறது. சுமார் 45 டிகிரி சாய்வில் அது பின்டயருக்கு நேர் மேலே வந்துவிடும். ரைடர்கள் பேலன்ஸ் பாயின்ட் என்று சொல்வது இந்த நிலையைத்தான். இங்கே வந்த பிறகு சக்கரத்தை மேலேயே வைத்திருக்க முடுக்கம் தேவையில்லை. ஒரே வேகத்தில் உருண்டுகொண்டே போகலாம். 1991-இல் ஜப்பானில் யாசுயுகி குடோ என்பவர் ஹோண்டாவின் டிரயல் வகை பைக் ஒன்றில் முன்சக்கரத்தைக் கீழே வைக்காமல் 331 கி.மீ. ஓட்டினார். சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் இவ்வளவு தூரம் எந்த வண்டியாலும் போக முடியாது.

பேலன்ஸ் பாயின்ட்டைத் தாண்டிப் பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் அமெச்சூருக்கு இருக்கும். அது நியாயமான பயம். அதனால் அவர் சக்கரத்தைப் பாதி உயரத்திலேயே வைத்திருப்பார். அந்த உயரத்தில் ஈர்ப்பு மையம் இன்னும் முன்னால்தான் இருக்கிறது, முடுக்கம் நின்ற கணமே சக்கரம் இறங்கிவிடும். அதைத் தவிர்க்க அவர் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பார், வேகம் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு இது துணிச்சலாகத் தெரியும். உண்மையில் அந்த வேகம், பேலன்ஸ் பாயின்ட்டில் நிற்கத் தெரியாததற்குக் கொடுக்கும் விலை. தொழில்முறை ரைடர் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே, ஒரே சக்கரத்தில் வட்டமடித்துக்கொண்டிருப்பார். மெதுவாகப் போவதுதான் இங்கே கடினம். வேகமாகச் சுழலும் சக்கரங்களின் கைரோஸ்கோப் விளைவு பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குகிறது. வேகம் குறைந்தால் அந்த உதவி போய்விடும், முழங்காலாலும் இடுப்பாலும் ஓட்டுபவரே அதைச் செய்ய வேண்டும். இன்னொரு கணக்கும் இதில் உண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் விழுபவர், 30 கி.மீ. வேகத்தில் விழுபவரைப் போல் 9 மடங்கு ஆற்றலைத் தன் உடம்பிலும் தரையிலும் செலவழித்துத்தான் நிற்க முடியும்.

சரி, பேலன்ஸ் பாயின்ட்டில் நிற்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? உள்ளங்கையில் ஒரு கம்பை நிறுத்திப் பார்ப்பதைப் போன்ற சிக்கல் இது. இயற்பியலில் இதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர். சாய்வு கூடக் கூட, சாய்க்கும் விசையும் கூடும். கம்பு நீளமாக இருந்தால் மெதுவாகச் சாயும், குட்டையாக இருந்தால் சட்டென்று விழும். நம் பைக்கின் ஈர்ப்பு மையம் பின்டயரின் அடியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், ஒரு சிறிய விலகல் கால் நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 1 டிகிரி கால் நொடியில் 2 டிகிரி, அரை நொடியில் 4 டிகிரி. ஒரு நொடி விட்டுவிட்டால் 16 டிகிரி.

இதன் பக்கத்தில் மனிதனின் எதிர்வினை நேரத்தை வைத்துப் பாருங்கள். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்கக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும். அதாவது தவறு நடந்ததைப் பார்த்த பிறகு திருத்த நினைப்பவர் கை வைக்கும்போது, தவறு ஏற்கெனவே இரட்டிப்பாகியிருக்கும். பதறிப்போய் அதிகமாகத் திருத்துவார், வண்டி எதிர்ப்பக்கம் போகும், மறுபடி தாமதமாகத் திருத்துவார். புதியவர்களின் வீலிங் மேலும் கீழுமாகத் துள்ளுவதற்குக் காரணம் இதுதான். பயிற்சி பெற்றவரின் சிறுமூளை அப்படிக் காத்திருப்பதில்லை. இவ்வளவு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அடுத்து இவ்வளவு எழும்பும் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. உட்காதும், இருக்கையில் அழுந்தும் உடம்பும் அனுப்பும் தகவல் அந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்கிறது. அதனால் திருத்தங்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கின்றன. தொழில்முறை ரைடர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

இந்தக் கணிப்பு எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி 1967-இல் வெளியான ஒரு விளக்கம் இன்றும் பயன்படுகிறது. உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் திறன் கற்பதை மூன்று கட்டமாகப் பார்த்தார்கள். முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்வோம். பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கடைசியில் கவனமே செலவாகாமல் தானாக நடக்கும். ஸ்டன்ட்டில் மூன்றாவது கட்டம் ஏன் முக்கியமென்றால், வண்டியைச் சமாளிக்கும் வேலை தானாக நடந்தால்தான் தரையில் கிடக்கும் ஒரு கல்லைக் கவனிக்க மனத்தில் இடம் இருக்கும்.

சோவியத் உடலியலாளர் நிகோலாய் பெர்ன்ஸ்டைனின் ஆராய்ச்சியும் எனக்கு மிகவும் பிடித்தது. அனுபவமுள்ள கொல்லர்கள் சுத்தியலை அடிப்பதை அவர் படம்பிடித்து அளந்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் வேறு வேறு விதமாக அசைந்தன. ஒரு மூட்டில் ஏற்பட்ட பிசகை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. புதிதாகக் கற்பவர் இதற்கு நேர்மாறாக மூட்டுகளை இறுக்கிக்கொள்வார் என்பதையும் அவர் விளக்கினார். கட்டுப்படுத்த வேண்டியவை குறைந்தால் போதும் என்று உடம்பு எடுக்கும் முடிவு அது. அமெச்சூர் ரைடரின் விறைத்த கைகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். பைக்கில் இந்த விறைப்பு ஆபத்தாக முடியும்.

எப்படி என்றால், வண்டி பேலன்ஸ் பாயின்ட்டைத் தாண்டிப் பின்னால் சாயும்போது பயந்த உடம்பு ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும். தொங்கும்போது வலது மணிக்கட்டு தன்னையறியாமல் பின்னால் மடங்கும். மடங்கினால் ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் சாயும். பயம், பயத்துக்குக் காரணமானதையே வளர்க்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் போதாது, ஏனென்றால் பேலன்ஸ் பாயின்ட்டைத் தாண்டியபின் எடையே வண்டியைப் பின்னால் இழுக்கும். அங்கே நம்பத்தகுந்த வழி பின்பிரேக் ஒன்றுதான். பின்சக்கரத்தைப் பிடித்தவுடன் தரையில் பின்னோக்கிய விசை உண்டாகும், மேலே உள்ள எடை முன்னே போகப் பார்க்கும், மூக்கு இறங்கும். ஆகவே, ஒழுங்காகக் கற்பவர்கள் சக்கரம் ஒரு ஜாண் எழும்பினாலும் அதை ஆக்சிலரேட்டரை மூடி இறக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பின்பிரேக்கைத் தொட்டே இறக்குவார்கள். பயத்தில் எழும் அனிச்சைச் செயலை அடித்துப் போட்டு, அந்த இடத்தில் வேறொரு அனிச்சைச் செயலை வைக்கும் வேலை இது. பல மாதம் ஆகும், பார்க்கச் சுவாரசியமாகவும் இருக்காது.

ஸ்டாப்பியிலும் பயம் தப்பான வழியைத்தான் காட்டும். முன்பிரேக்கைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்குவதுதான் ஸ்டாப்பி. அமெச்சூர் லீவரை ஒரேயடியாக இறுக்கினால், எடை முன்டயருக்கு வந்து சேர்வதற்கு முன்பே பிரேக் விசை வந்துவிடும். உராய்வு, டயர் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. எடை வராத டயர் வழுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி பக்கவாட்டில் சாயும். தொழில்முறை ரைடர் முதலில் மெல்ல அழுத்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டான ஃபோர்க்கை அமுங்கவிடுவார். டயர் தரையைக் கவ்விக்கொண்ட பின்னர்தான் மீதி அழுத்தம். பின்சக்கரம் அளவுக்கு மீறி எழுந்தால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், அப்போதுதான் அது இறங்கும். ஆனால் முன்னால் கவிழப்போகும் மனிதனின் கை இறுகத்தான் பார்க்கும்.

வண்டியும் இந்தத் தேவைகளுக்கு ஏற்ப மாற்றப்படுகிறது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 45 பல் இருந்த இடத்தில் 60 பல் வைத்தால், அதே எஞ்சின் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிகத் திருப்புத்திறன் தரும். உச்ச வேகம் குறையும், ஆனால் யாருக்கும் அது தேவையில்லை. காலை இருக்கை மேலோ பெட்ரோல் டேங்க் மேலோ வைத்துவிட்டால் கால் பிரேக் எட்டாது என்பதால், கிளட்ச் லீவருக்குப் பக்கத்தில் பின்பிரேக்குக்கென்று இன்னொரு லீவர். வட்டமடிக்கும்போது எஞ்சின் அணையாமலிருக்க, ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது அது ஓடும் ஐடில் வேகத்தைக் கூட்டிவைப்பார்கள். பின்டயரில் காற்றைக் குறைத்தால் தரையில் பதியும் பரப்பு கூடும். வண்டியின் வாலில் பொருத்தும் இரும்புக் கம்பி, பைக் செங்குத்தாக நிமிரும்போது தரையைத் தொட்டு, அதற்குமேல் சாயாமல் தடுக்கும். எஞ்சினைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் உண்டு, ஏனென்றால் வண்டி விழும் என்பது தெரிந்த விஷயம். எண்ணெய்ச் சிக்கல்தான் பலருக்குத் தெரியாதது. வண்டி நிமிர்ந்தே இருந்தால் எஞ்சின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால் ஆயில் அழுத்தம் போய் பேரிங்குகள் தேய்ந்துவிடும். அதற்காக ஆயில் தொட்டியையே மாற்றியமைப்பவர்கள் இருக்கிறார்கள். ஷோரூமிலிருந்து வந்த வண்டியில் அப்படியே நீண்ட வீலிங் செய்பவர் எஞ்சினையும் பணயம் வைக்கிறார்.

தாவுதலில் கணக்கு இன்னும் இரக்கமற்றது. 25 டிகிரி மேட்டிலிருந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கிளம்பும் பைக், காற்றுத் தடையை விட்டுவிட்டால், அதே உயரத்தில் சுமார் 49 மீட்டர் தள்ளி இறங்கும். தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 89 கி.மீ. வேகத்தில் கிளம்பினால் 1 மீட்டருக்கும் மேல் குறைந்துவிடும். இறங்கும் தரை சமதளமாக இருந்தால், அந்த மோதல் ஐந்தரை மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து செங்குத்தாக விழுவதற்குச் சமம். இறங்குமேடையும் 25 டிகிரி சரிந்திருந்தால், வண்டி வரும் திசையும் தரையின் திசையும் ஒன்றாகிவிடும், அடி பெருமளவு குறையும். இறங்குமேடை எங்கே, எந்தச் சரிவில் இருக்கிறது என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. 1967 டிசம்பர் 31 அன்று அமெரிக்க ஸ்டன்ட் ரைடர் ஈவெல் கினீவல் லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் நீரூற்றுகளைத் தாண்ட முயன்றார். 43 மீட்டர் தாவல். கொஞ்சம் தூரம் போதாமல் இறங்கி, இடுப்பும் தொடையெலும்பும் நொறுங்கின. அவர் மகன் ராபி 1989-இல் அதே இடத்தைத் தாண்டிக் காட்டினார், 2018-இல் டிராவிஸ் பாஸ்ட்ரானாவும் தாண்டினார்.

காற்றில் இருக்கும்போது எதுவும் செய்ய முடியாது என்று தோன்றும். ஆனால் கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த அளவு, மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதி ரைடருக்கு ஒரு கருவியைத் தருகிறது. ஆக்சிலரேட்டரைத் திறந்தால் பின்சக்கரம் முன்னோக்கி வேகமாகச் சுழலும், ஈடாக வண்டியின் உடல் எதிர்ப்பக்கம் சுழன்று மூக்கு எழும்பும். பின்பிரேக்கைப் பிடித்தால் சக்கரத்தின் சுழற்சி வண்டிக்கு வந்து மூக்கு தாழும். நம் கணக்கில் பறக்கும் நேரம் 2 நொடிக்குச் சற்று அதிகம். அதற்குள் இதை முடிவெடுத்துச் செய்ய வேண்டும். பாஸ்ட்ரானா 2006-இல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக இரட்டை பேக்ஃப்ளிப் (வண்டியோடு பின்பக்கமாக இரண்டு கரணம்) அடிப்பதற்கு முன், நுரைத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்துக்குள் அதைப் பயிற்சி செய்திருந்தார். அந்தப் பள்ளத்தில் விழுந்தால் பெரிதாக அடிபடாது, அதனால் ஒரே தவறை வேறு வேறு விதமாகச் செய்து பார்த்து, எங்கே பிசகுகிறது என்று உடம்புக்குத் தெரிய வைக்கலாம். கீழே விழுவதையே பாடத்தின் ஒரு பகுதியாக ஆக்கியதுதான் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் என்பது என் கருத்து. தரையில் செய்யும் ஸ்டன்ட்டிலும் இதே வழிதான்: வண்டி பின்னால் போகத் தொடங்கினால் அதை விட்டுவிட்டு இரு காலிலும் இறங்கி ஓடி நிற்பதைத் தனியாகப் பழகுவார்கள். வேகம் குறைவாக இருந்தால்தான் அதுவும் முடியும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒரு மனிதனால் காலால் ஓடிச் சமாளிக்க முடியும், 80-இல் யாராலும் முடியாது.

பொதுச் சாலையில் செய்யும் ஸ்டன்ட்டில் இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லை. மூடிய மைதானத்தில் ரைடர் தொடங்குவதற்கு முன் தரையை நடந்து பார்த்து, மணலைக் கூட்டி, ஈரம் காயும்வரை காத்திருக்க முடியும். சாலையில் டயருக்கு அடியில் அடுத்த நொடி வரப்போவது தார், மணல், சிந்திய டீசல் எதுவாகவும் இருக்கலாம். உராய்வு சட்டென்று பாதியாகிப்போனால், சிறுமூளை எவ்வளவு பழகியிருந்தாலும் அதன் கணிப்பு தப்பாகிவிடும். குறுக்கே வருபவருக்கும் எதிர்வினை நேரம் உண்டு. சக்கரம் மேலே இருக்கும் வண்டிக்கு முன்பிரேக்கும் இல்லை, திருப்ப ஹேண்டிலும் இல்லை. தரையை நடந்து பார்க்க முடியாத இடத்தில் தொழில்முறை ரைடர் வண்டியை ஸ்டார்ட் செய்ய மாட்டார்.