சின்னச் சன்னம்தானே என்று சொல்லாதீர்கள்

"பெரிசா ஒண்டுமில்ல டொக்டர், சின்னச் சன்னம்தான்."

சத்திரசிகிச்சை விடுதியில் வேலை செய்யும் எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது. கடைசியாக இதைச் சொன்னவர் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்து விவசாயி. கள்ளனுக்குப் பயந்து வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்த எயார் ரைபிளை இளைய மகன் எடுத்து விளையாடியிருக்கிறான். மூத்தவனுக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் பயறு அளவில் ஒரு காயம். வெளியே இரத்தமே இல்லை. மஞ்சள் பூசி, பிளாஸ்டர் ஒட்டி, பொலிஸ் வரும் என்ற பயத்தில் ஒருநாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது வயிற்றில் கைவைக்கவே பிள்ளை விடவில்லை. திறந்து பார்த்தால் குடலில் இரண்டு ஓட்டைகள். தப்பிவிட்டான், சரி. ஆனால் இப்படி எத்தனை பேரைத்தான் தைப்பது?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அல்லது கனடா மச்சான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வீட்டுக் காவலுக்குப் பொயின்ட் டூ டூ (.22) மாதிரி சின்னத் துவக்கு ஒன்று போதாதா?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களின் மனதில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இந்தச் சன்னம் கள்ளனை நிற்பாட்டிவிடும். அதே சன்னம் தவறிப்போய் வீட்டுப் பிள்ளையில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டும் பிழை. உண்மை நேர்மாறானது.

முதலில் கள்ளனைப் பார்ப்போம். பொயின்ட் டூ டூ சன்னத்தின் குறுக்களவு 5.6 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிராம். வயிற்றிலோ நெஞ்சிலோ அது பட்டவர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழுவதில்லை. உள்ளே இரத்தம் கசிந்து அழுத்தம் இறங்கும்வரை நடப்பார், ஓடுவார், கையில் கத்தி இருந்தால் வெட்டவும் செய்வார். சூடுபட்ட பிறகு தானாகவே மோட்டார் சைக்கிள் ஓடி வந்து எங்கள் வாசலில் இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் அன்றிரவே இறந்தும் போனார்கள். உங்களுக்கு உதவி தேவைப்படும் அந்த அரை நிமிடத்தில் சின்னச் சன்னம் எதுவும் செய்யாமல் விடலாம். அதற்குப் பிறகு கொல்லும்.

இனிப் பிள்ளைக்கு வருவோம். பிள்ளையின் நெஞ்சுச்சுவர் மெல்லியது. கண்ணைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எயார் ரைபிளின் அரைக் கிராம் ஈயச் சன்னமே கண்ணைக் குருடாக்கிவிடும். பொயின்ட் டூ டூ ஒரு கிலோமீற்றருக்கு மேலும் போகும். கிடுகு, தகரம், பலகைக் கதவு எதுவும் அதை மறிக்காது. அடுத்த வளவில் பாயில் படுத்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று. ஒப்பரேஷன் முடிந்து தியேட்டருக்கு வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குண்ட எடுத்தாச்சா?" என்பதுதான். எடுக்காவிட்டால் முகம் வாடிவிடும். ஐயா, உள்ளே தங்கிய சன்னத்தைப் பல நேரம் நாங்கள் அப்படியே விட்டுவிடுவோம். அது போன வழியில் எதைக் கிழித்தது என்பதுதான் எங்கள் கவலை.

இருட்டைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. முற்றத்து மலசலகூடத்துக்குப் போய்வரும் மாமியும், குடித்துவிட்டுப் பிந்தி வந்து வேலி பாயும் மருமகனும், உண்மையான கள்ளனும் தூக்கக் கலக்கத்தில் ஒரே நிழல்தான். துவக்கு இல்லாவிட்டால் "ஆரது?" என்று சத்தம் போட்டிருப்பீர்கள்.

யானைக்கென்று வைத்திருப்பவர்களும் உண்டு. வெல்லாவெளிப் பக்கத்தில் வீட்டுச் சுவரை யானை இடித்த குடும்பங்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சின்னச் சன்னம் யானையை விழுத்தாது, வெறியாக்கிவிடும். அடுத்த வீட்டுக்காரர் அதன் காலில் மாட்டுவார். யானையைச் சுடுவது குற்றம் என்பது வேறு கதை. மிருகம் தட்டினால் வெடிக்கும்படி காட்டுவழியில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. விறகு பொறுக்கப் போனவர்களின் முழங்காலும் கணைக்காலும்தான் அதற்கு இரை.

மெதுவாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1995 இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நச்சுக்கூடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. மனம் உடையும் நேரத்தில் எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். வீட்டில் யாராவது மனம் சோர்ந்திருந்தால் துவக்கை இன்றைக்கே வெளியேற்றுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கள்.

களவுக்குப் பயமா? வாசலில் ஒரு லைற் போடுங்கள். குரைக்கிற நாய் ஒன்று வளருங்கள். கதவுக்கு உட்பக்கமாக நல்ல தாழ்ப்பாள் பூட்டுங்கள். பக்கத்து வீட்டாரின் நம்பரும் பொலிஸின் 119 உம் போனில் இருக்கட்டும். பயிருக்காக அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருப்பவர்கள் ரவையைக் கழற்றித் துவக்கைப் பூட்டி வையுங்கள். ரவைகள் வேறு இடத்தில், வேறு பூட்டில். அலுமாரிக்கு மேல் என்பது பூட்டு இல்லை. பிள்ளைகளுக்குக் கதிரை வைத்து ஏறத் தெரியும்.

யாருக்காவது பட்டுவிட்டதா? 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தேத்தண்ணி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். ஊசியாலோ குறட்டாலோ காயத்தைக் கிண்டாதீர்கள். காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பொலிஸுக்கு நாங்கள் அறிவிக்கத்தான் வேண்டும், அதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. கம்பி குத்தினது, ஆணி கிழித்தது என்று கதை சொல்லாதீர்கள். எக்ஸ்ரேயில் சன்னம் வெள்ளையாகத் தெரியத்தான் போகிறது. முன்பே சொன்னால் பிள்ளையைக் கெதியாகத் தியேட்டருக்குக் கொண்டுபோகலாம்.