படுக்கை மிதிவண்டி என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்

போன மாதம் அல்சூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். எல்லாரும் பெங்களூர்த் தமிழர்கள், எல்லாரும் சைக்கிள் பைத்தியங்கள். வேகத்துக்காகவே கட்டப்படும் வண்டிகளைப் பற்றி ஒரு தம்பி படம் போட்டுக் காட்டிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் முதல் படத்தின் கீழே கொட்டை எழுத்தில் "கவசமிட்ட படுக்கை மிதிவண்டி" என்று இருந்தது. இந்த வருஷத்தில் மட்டும் இது என் கண்ணில் படுவது நான்காவது தடவை. முதல் தடவை சிரித்துவிட்டேன். அப்புறம் பொறுத்துக்கொண்டேன். இனி முடியாது.

வண்டி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரிகம்பென்ட் சைக்கிளில் நாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் குனிவதில்லை. முதுகு முழுவதையும் தாங்கும் இருக்கையில் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டிப் பெடலைத் தள்ளுகிறோம். அதன்மேல் மீன் மாதிரி வடிவத்தில் மெல்லிய ஓடு ஒன்றைப் போட்டு மூடினால் அது ஃபேர்டு ரிகம்பென்ட். இதைத்தான் தம்பி "கவசமிட்ட படுக்கை மிதிவண்டி" ஆக்கியிருந்தார். எதற்கு இந்தப் பாடு என்றால், காற்றுக்காக. காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். மனுஷக் கால் எட்டு மடங்கு உழைக்காது. காற்று பிடிக்க இடம் கொடுக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. அப்படிக் கட்டிய "ஈட்டா" என்ற வண்டியில், 2016 செப்டம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து பேட்டில் மவுன்டன் ஊருக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில், கனடாவின் டாட் ரைக்கர்ட் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகம் தொட்டார். வேகம் அளந்த 200 மீட்டரைக் கடக்க அவருக்கு 5 நொடிகூட ஆகவில்லை. மோட்டார் கிடையாது, வெறும் கால்.

இப்போது சொல்லுங்கள், இதில் எங்கே இருக்கிறது படுக்கை?

வேரை மட்டும் பார்த்துவிடுவோம். லத்தீனில் "ரெகும்பேரே" என்றால் பின்னால் சாய்ந்து கிடத்தல். இன்குபேட்டர், க்யூபிக்கிள் எல்லாம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ரோமானியர்கள் விருந்தில் திண்டில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவதற்கும் இதே சொல்லைச் சொன்னார்கள். சாப்பிடுகிறவன் தூங்கவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேர் ஆராய்ச்சி போதும், சண்டை இங்கே இல்லை.

சண்டை "படுக்கை"யோடுதான். தமிழில் படுக்கை என்பது முதலில் ஒரு பொருள். பாய், மெத்தை, ரயிலில் மேல் படுக்கை, நூறு படுக்கை கொண்ட மருத்துவமனை. "படுக்கை மிதிவண்டி" என்றதும் எனக்குக் கண்ணில் வருவது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து முழங்கால் ஆபரேஷன் ஆனவரை மிதிக்கச் சொல்வார்களே, அந்தச் சாதனம். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்து, படுத்தல் என்ற வினைக்குத் தமிழ் வைத்திருக்கும் கெட்ட பெயர். படம் படுத்துவிட்டது, வியாபாரம் படுத்துவிட்டது, வண்டி ஓசூர் தாண்டியதும் படுத்துவிட்டது. படுத்த படுக்கை என்றால் எழ மாட்டார் என்று பொருள். உலகத்திலேயே வேகமான சைக்கிளுக்கு இந்தச் சொல்லா?

தம்பி சும்மா விடவில்லை. "சார், ஜெர்மன்காரன் லீகராட் என்கிறான், டச்சுக்காரன் லிக்ஃபீட்ஸ் என்கிறான், பிரெஞ்சுக்காரன் வேலோ கூஷே என்கிறான். எல்லாமே படுத்தல்தான். நமக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதே ஜெர்மன்காரன் கடற்கரையில் போடும் சாய்வு நாற்காலிக்கும் லீகஸ்டூல் என்றுதான் சொல்கிறான். அவன் "லீகன்" சாய்ந்து கிடப்பதையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும். தாத்தா திண்ணையில் போட்டு உட்கார்ந்திருந்ததை நாம் படுக்கை நாற்காலி என்றா சொன்னோம்? சாய்வு நாற்காலி என்றோம். நாற்காலிக்குத் தெரிந்த தமிழ் சைக்கிளுக்கு மறந்துபோனதற்குக் காரணம், மொழிபெயர்ப்பவர் வண்டியைப் பார்க்கவில்லை, அகராதியைப் பார்த்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு கிடக்கும் விதத்துக்குத் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது: மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து. "படுக்கை" இந்த வேறுபாட்டை எல்லாம் ஒரே போர்வையில் மூடிவிடுகிறது. குப்புறப் படுத்து ஓட்டும் வேக வண்டிகளும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ 2013இல் அப்படி ஒன்றைத் தானே கட்டி எடுத்துக்கொண்டு பேட்டில் மவுன்டனுக்கே போனார். இரண்டும் படுக்கை மிதிவண்டி என்றால், முகம் எந்தப் பக்கம் என்று யாரிடம் கேட்பது?

அப்படியானால் "மல்லாந்த சைக்கிள்" என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர். துல்லியத்தில் குறையில்லை. ஆனால் மல்லாக்க விழுவதும், மல்லாந்து துப்பினால் மார்மேல் விழுவதும்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. "சயன மிதிவண்டி" என்று இன்னொருவர் ஆரம்பித்தார். மைசூர் ரோட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் ரங்கநாதர் சயனத்தில் இருக்கிறார், சேவித்துவிட்டு வரலாம். அவருக்குப் பெடல் கிடையாது.

என் சொல்: சாய்மானம். சாய்மானச் சைக்கிள்.

கட்டுமானம், தேய்மானம், செரிமானம், வருமானம் போல "சாய்" வினையில் "மானம்" சேர்ந்து பிறந்த சொல். நான் உண்டாக்கியது இல்லை. "இந்த ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை, முதுகு வலிக்குது" என்று என் அம்மா தினமும் சொல்வது. முதுகைக் கொடுக்க ஒரு தாங்கல், அதுதான் சாய்மானம். "சாய்ந்த சைக்கிள்" என்று சொன்னால் ஸ்டாண்டு சரியில்லாமல் சுவரில் சாத்தி வைத்த வண்டி ஆகிவிடும். "சாய்மான" என்றதும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது.

அதைவிட முக்கியம், வண்டி வேலை செய்யும் விதத்தையே இந்தச் சொல் காட்டுகிறது. சாதாரணச் சைக்கிளில் பெடலை அழுத்த உடம்பின் எடைதான் துணை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம். இங்கே முதுகு இருக்கையை அழுத்துகிறது, அந்தப் பிடிமானத்தில் கால் பெடலைத் தள்ளுகிறது. சாய்மானத்தை எடுத்துவிட்டால் கால் தள்ளும்போது ஆள் பின்னால் வழுக்கிப்போவான். நந்தி மலை ஏறும்போது எழுந்து நிற்க முடியாமல் திணறுவதும் இதே காரணத்தால்தான். பால்காரர் வண்டி என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

கவனித்தீர்களா, "தள்ளுகிறது" என்று எழுதினேன். மிதித்தல் என்றால் மேலிருந்து கீழே காலை வைத்து அழுத்துவது. சேற்றை மிதிப்போம், நெல்லை மிதிப்போம். இந்த வண்டியில் பெடல் இடுப்பு உயரத்தில் முன்னால் இருக்கிறது, யாரும் எதையும் மிதிப்பதில்லை. ஆக "மிதிவண்டி"யும் இங்கே நொண்டுகிறது. தூய தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். சைக்கிள் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். சுத்தத்தைவிட எனக்குத் தெளிவு பெரிது.

இதெல்லாம் வெறும் பெயர் வம்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே கட்டிய சாய்மான வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் சாதனையை உடைத்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம், பந்தய சைக்கிள் என்றால் எது என்று புதிதாக ஒரு வரையறை எழுதி, அந்த வரையறைக்குள் இந்த வண்டி வராதபடி பார்த்துக்கொண்டது. ஃபோர் 1939இல் கூடு போட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டியும் காட்டினார். பந்தயக் கதவு திறக்கவில்லை. ஒரு வரையறை ஒரு வண்டியைப் பல தலைமுறைக்கு ஓரம் கட்டியது.

"கூடு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். இனி "கவச"த்துக்கு வருவோம்.

வண்டியை மூடும் அந்த ஓட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபேரிங் என்று பெயர். "ஃபேர்" என்றால் நியாயம்தானே என்று சிலர் நியாயத்துக்குப் போகிறார்கள். ஒரு மொழிபெயர்ப்புக் கருவி எனக்கு "நியாயப்படுத்தப்பட்ட மிதிவண்டி" என்று கொடுத்தது. வண்டி என்ன தப்பு செய்தது, நியாயப்படுத்த? இந்த "ஃபேர்" படகு கட்டுகிறவர்களின் வினை. படகின் உடலில் மேடு பள்ளம் இல்லாமல், வளைவு ஓரிடத்திலும் முறியாமல் இழைத்து ஒழுங்காக்குவது. அங்கிருந்து விமானத்துக்குப் போய், அப்புறம் பைக்கிலும் சைக்கிளிலும் ஏறியது.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த அகராதியும் இல்லை, கலாசிபாளையம் பக்கத்தில் ஃபைபர் வேலை செய்யும் ஒரு திருப்பத்தூர்க்கார மேஸ்திரி. என் வண்டிக்கு மூக்குப் பகுதி கட்ட அவரிடம் போனபோது, "யாரு சார் ரெக்கமண்ட் பண்ணாங்க இந்தச் சைக்கிளை?" என்றார். ரிகம்பென்ட் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. தெர்மாகோலில் வடிவம் வெட்டி, அதன்மேல் ஃபைபர் துணி விரித்து ரெசின் தடவி, காய்ந்ததும் பட்டி போட்டுத் தேய்த்தார். தேய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. "இங்க ஒரு தூக்கு இருக்கு, பாருங்க." நானும் தடவினேன்; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை நீள நீளமாக இழுத்துத் தேய்த்த பிறகு தடவியபோதுதான் முன்னால் என்ன இருந்தது என்று கை சொன்னது. படகுக்காரனின் "ஃபேர்" இதுதான். பட்டி பார்ப்பது! நம் டிங்கரிங் பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கிறது அந்த வினை.

கவசம் என்பது அடியைத் தடுப்பது. கர்ணனுக்குக் கவசம், பைக் ஓட்டுகிறவருக்குத் தலைக்கவசம், கொரோனாவில் முகக்கவசம். எதிரே வருவதை நிறுத்துவது அதன் வேலை. ஃபேரிங் எதையும் நிறுத்துவதில்லை. காற்றை இடிக்காமல் வழுக்கிப் போகவிடுகிறது. இரண்டும் நேர் எதிர்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று என் ஊகத்தைச் சொல்கிறேன். ராக்கெட் மூக்கில் செயற்கைக்கோளை மூடியிருப்பதும் ஃபேரிங்தான். இஸ்ரோவே அதை ஹீட் ஷீல்டு என்று சொல்வதால் தமிழ்ப் பத்திரிகைகள் வெப்பக் கவசம் என்று எழுதின. 2017 ஆகஸ்ட் 31 அன்று பி.எஸ்.எல்.வி. சி-39இல் அது பிரியாமல் போய் செயற்கைக்கோள் உள்ளேயே மாட்டிக்கொண்டபோது அந்தச் சொல் வீடு வீடாகப் போயிருக்கும். அங்கே கவசம் சரி. காற்று உராய்வின் சூட்டைத் தடுக்க வேண்டும். சைக்கிள் எவ்வளவு வேகமாகப் போனாலும் சூட்டில் உருகாது. உள்ளே இருப்பவர்தான் வேர்த்து உருகுவார், காற்றுப் போக ஓட்டை வைக்காவிட்டால்.

விழும்போது அந்த ஓடு தோல் உரியாமல் காப்பாற்றுகிறதே என்றால், ஆமாம், காப்பாற்றுகிறது. குடையை ஊன்றிக்கூட நடக்கலாம், அதற்காகக் குடைக்கு ஊன்றுகோல் என்று பெயர் வைப்பதில்லை.

கூடு என்பதில் எனக்குப் பிடித்தது, உள்ளே ஒரு உயிர் இருப்பது. தேன்கூடு, குருவிக்கூடு. மூக்குக்கண்ணாடியை வைப்பதும் கூடுதான். மேலே வளைத்து மூடிய மாட்டுவண்டியைக் கூண்டு வண்டி என்றார்கள். முழுக்க மூடிய வேக வண்டியில் ஓட்டுநரை உள்ளே வைத்து வெளியிலிருந்து மூடுகிறார்கள். காலை ஊன்ற முடியாது என்பதால் புறப்படும்போது பிடித்துத் தள்ளிவிடவும், நிற்கும்போது ஓடிவந்து பிடிக்கவும் ஆள் வேண்டும். அதைவிடக் கூடு எது? உறை என்றும் சொல்லலாம், ஆனால் உறை தலையணைக்கும் தபாலுக்கும் போய்த் தளர்ந்துவிட்ட சொல். கூடு விறைப்பாக நிற்கிறது. ஆக, கூடு போட்ட சாய்மானச் சைக்கிள். வாய்க்குள் நுழைகிறது, விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "அங்கிள் படுத்துக்கிட்டே சைக்கிள் ஓட்டுறாரு" என்று தமிழில் ஒருத்தன் கத்த, பக்கத்து வீட்டுப் பையன் "மல்கொண்டு ஓடிஸ்தாரே" என்று கன்னடத்தில் கத்துவான். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். பார்க்காமல் எழுதுகிறவர்களோடுதான்.

மேஸ்திரியிடம் நான் இந்தச் சொற்கள் எதையும் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த துண்டுச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது: "சாஞ்ச சைக்கிள் கூடு 1. பட்டி 3 கோட்டு." சாய்மானம் வரவில்லை. கூடு வந்துவிட்டது. கூடுதான் இன்னும் கைக்கு வரவில்லை; அடுத்த வாரம் என்கிறார்.