கரண்டியா, வரண்டியா?

போன வருஷம் புறக்கோட்டையில் அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கினோம். "கரண்டி இருக்கா தம்பி?" என்று அம்மா கேட்க, கடைப் பொடியன் பெட்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் அகப்பையை எடுத்துக் காட்டினான். பகிடியா, விளங்காமல் செய்தானா, தெரியாது. பில்லில் மட்டும் 'வரண்டி 1 வருஷம்' என்று எழுதித் தந்தான். நாலாம் மாதம் குக்கர் சூடேறவில்லை. கொண்டுபோனால், வயரை எலி கடித்திருக்கிறது, அது வரண்டிக்குள் வராது என்றார்கள்.

கரண்டி (guarantee), வரண்டி (warranty) என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லும் ஒருதாய்ப் பிள்ளைகள்தான். காப்பது என்ற கருத்துள்ள பழைய ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குள் போனபோது, வடக்கே நோர்மன்காரர் வாயில் 'வ' அப்படியே நின்றது, பாரிஸ் பக்கத்தில் 'க' ஆகிவிட்டது. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபோது 'வ' வந்தது. கரண்டி 17ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வோர்டன், கார்டியன் என்ற சோடியும் இப்படித்தான். பொலிஸ் கொண்டுவரும் வொரன்ட், அதாவது பிடியாணை, அதுவும் இந்தக் குடும்பம்தான்!

கரண்டி அகலமான சொல்: சொன்னது நடக்கும், நடக்காவிட்டால் நான் பொறுப்பு. வரண்டி அதைவிட ஒடுக்கம். இன்ன பழுது, இவ்வளவு காலம், இன்ன நிபந்தனை என்று எழுதிக் கட்டிய வாக்கு, எலி அதற்கு வெளியே. சட்டத்தில் இன்னும் இறுக்கம். நம்முடைய இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வரண்டி மீறப்பட்டால் நட்டஈடு கேட்கலாம், ஆனால் அதை மட்டும் காரணம் காட்டிப் பொருளை வேண்டாம் என்று தள்ள முடியாது.

சரி, தமிழில்? கரண்டிக்கு 'உத்தரவாதம்' நன்றாகவே பொருந்தும். உத்தரம் என்றால் பதில், வாதம் என்றால் பேச்சு. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதுதான் அதன் உள்ளே இருக்கிறது. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்குப் 'பிணை' இருக்கிறது, ஆனால் அது ஆள் நின்று கட்டுப்படுவது. மச்சானுடைய லோனுக்கு வங்கியில் கையெழுத்து வைத்தால் அது பிணை, நீதிமன்றத்தில் சரீரப் பிணை, குக்கருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வரண்டிக்கும் உத்தரவாதம் என்றே அட்டைகளில் அச்சடிக்கிறார்கள், குழப்பமே அங்கேதான். என்னைக் கேட்டால் 'பழுதுப் பொறுப்பு' என்று போடலாம், அம்மாவுக்கே விளங்கும்.

வயர் மாற்ற அறுநூறு ரூபா போனது. அகப்பை இன்னும் நன்றாக இருக்கிறது.