அஸ்வெசும: லயத்துக் குடும்பங்கள் எங்கே தவறவிடுகின்றன?

கொரோனா ஊரடங்கில் கூடத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. நின்றது, கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்த பிள்ளைகள் அனுப்பிய காசு. அவர்களே வெறுங்கையோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தார்கள். பிறகு 2022. காலை ரொட்டிக்கு வேண்டிய கோதுமை மாவே கைக்கெட்டாத விலைக்குப் போனது. அந்த செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இதற்குப் பிறகுதான், 2023 ஜூலையில், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற மாதாந்த உதவித்தொகை வந்தது.

இதில் ஆள் பார்த்துப் பெயர் சேர்ப்பதில்லை என்பதுதான் கணக்கு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 விடயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். புள்ளிப்படி நான்கு வகை. மிக வறிய குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500. இந்த இரண்டும் 2025 ஜனவரியிலிருந்து 17,500 ஆகவும் 10,000 ஆகவும் கூடின. 5,000, 2,500 என்று தொடங்கிய மற்ற இரண்டு வகைகளும் கால எல்லையோடு வந்தவை. ஆகவே காசு நின்றுவிட்டதென்றால், சண்டைக்குப் போவதற்கு முன் நீங்கள் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் பெரிய சிக்கல் 'குடும்பம்' என்ற சொல்லில்தான். ஒரே காம்பரா, அதாவது ஒரே அறை. உள்ளே மாமியார், இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து மகனும் மருமகளும். அடுப்பு இரண்டு, கதவிலக்கம் ஒன்று. கணக்கெடுக்க வருபவர் “எத்தனை பேர்?” என்றதும் நாம் எட்டுப் பேர் என்று விடுகிறோம். இரண்டு வீட்டுச் சம்பளமும் ஒரே படிவத்தில் ஏறிவிடுகிறது. அப்புறம் புள்ளி எப்படிச் சரியாக விழும்? தனியாகச் சமைத்துத் தனியாகச் செலவு பார்ப்பவர்கள் அதை அப்போதே சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதியதற்கு, அறுபது வருஷம் கழித்து இந்த அம்மா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுனுக்கு அலைய வேண்டியிருக்கிறது. காசு நேரே வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால், அல்லது வகை பிழையென்றால், அறிவிக்கும் காலத்துக்குள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம். 2023இல் நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செய்தார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தகுதி இல்லாதவர் பெயர் இருந்தால் ஆட்சேபனையும் கொடுக்கலாம், ஆனால் பக்கத்துக் காம்பராக்காரரோடு பழைய கோபத்தைத் தீர்க்க அதை எடுக்காதீர்கள்.

முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்குரிய கொடுப்பனவுகள் தனி. சத்துமாவான திரிபோஷவும் தனி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு அது கிளினிக்கில் கிடைப்பது. அஸ்வெசும இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளினிக் நாளில் பிள்ளையின் நிறை அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.