மிக்ஸிங்ல கண்ணு பார்த்தா காது மாறிடுது

பாட்டோட குரல், வாத்தியம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சேர்த்து சமன் பண்றதுதான் மிக்ஸிங். அதுல ஈக்யூன்னு ஒரு ப்ளகின் (சாஃப்ட்வேர் கருவி) இருக்கு, ஒலியில தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியா கூட்டிக் குறைக்க. அதுல ஸ்க்ரீனைப் பார்த்து ஒரு பேண்டை (ஒரு பகுதியை) 3 டிபி (சத்தத்தோட அளவு) ஏத்துறாங்க, குரல் பளிச்சுனு ஆகுது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா அந்த ப்ளகின் பைபாஸ்லயே, அதாவது வேலை செய்யாமலே இருந்திருக்கு. மிக்ஸ் பண்ற யாரைக் கேட்டாலும் இப்படி ஒண்ணு சொல்வாங்க. அவங்களுக்கு வித்தியாசம் கேட்டது நிஜம்தான், ஏன்னா கண்ணு பார்த்ததையும் காது வாங்குனதையும் மூளை ஒண்ணா சேர்த்துத்தான் "கேட்குறது"ங்கிற அனுபவத்தையே உண்டாக்குது.

1976ல ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டுங்கிற ரெண்டு மனோதத்துவ ஆய்வாளர்கள் இதைக் காட்டுனாங்க. வீடியோல வாய் "காகா"னு அசையுது, ஓடுற ஆடியோ "பாபா", பார்க்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு "டாடா"னு கேட்குது, கண்ணை மூடுனா மறுபடி "பாபா". விஷயம் தெரிஞ்சே பார்த்தாலும் "டாடா"னுதான் கேட்கும், அதான் இதுல எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது. அனுபவம் இருக்கு, நான் ஏமாற மாட்டேன்னு எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது.

இப்போ ஸ்பெக்ட்ரம் அனலைசரை எடுத்துக்குவோம். அது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் (ஒலி எவ்ளோ தாழ்ந்தது, உயர்ந்ததுங்கிற அளவு, ஹெர்ட்ஸ்ல சொல்றது) சிக்னல்ல இருக்குற எனர்ஜியை ஒரு கோடா காட்டும், ஆனா நம்ம காதோட சென்சிட்டிவிட்டி எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் ஒண்ணு கிடையாது. 1000 ஹெர்ட்ஸ்ல 40 டிபி சத்தம் எவ்ளோ பலமா கேட்குதோ அதே பலம் 100 ஹெர்ட்ஸ்ல வேணும்னா சுமார் 64 டிபி தேவை, அதே நேரம் 2000லேர்ந்து 5000 வரைக்கும் காது ரொம்ப கூர்மை. அதனால ஸ்க்ரீன்ல மலை மாதிரி நிக்குற பேஸ் (தாழ்ந்த ஒலி) காதுக்கு சரியா இருக்கலாம், 3000 கிட்ட தெரியுற சின்ன மேடு காதைக் குத்தலாம். கோடு கரடுமுரடா இருக்கேன்னு மேட்டையெல்லாம் வெட்டிக்கிட்டே போனா அந்த வாத்தியத்தோட குணமே போயிடும்.

பாட்டை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஸ்க்ரீன்ல விரிச்சுக் காட்டுற டைம்லைனும் இதே வேலையைப் பண்ணும். கோரஸ் (திரும்பத் திரும்ப வர்ற பகுதி) எங்க வருதுன்னு அதுல தெரியுற வேவ்ஃபார்ம், அதாவது ஒலி அலையோட படம், முன்னாடியே காட்டிடுறதால அந்த இடத்துல பாட்டு தூக்குதா இல்லையான்னு நம்மால நியாயமா சொல்ல முடியாது, கேட்குறவங்களுக்கு அந்தப் படம் கிடையாதே.

ஸ்க்ரீனே வேண்டாம்னு சொல்ல வரல. சின்ன ஸ்பீக்கர்ல 40 ஹெர்ட்ஸ் ஒழுங்கா வராது, எதிரொலியை அடக்க ட்ரீட் பண்ணாத ரூம்ல சில பேஸ் நோட்ஸ் கேன்சல் ஆகிக் காணாமலே போகும், அங்கெல்லாம் அனலைசர்தான் துணை. ஸ்னேர் டிரம்முக்கு மேலயும் கீழயும் வெச்ச ரெண்டு மைக்கோட அலை எதிரெதிரா இருக்கான்னு ஜூம் பண்ணிப் பார்த்தா உடனே தெரிஞ்சிடும்.

முதல்ல கேட்டு முடிவெடுத்துட்டு அப்புறம் ஸ்க்ரீனைப் பாருங்க. ஒரு ஈக்யூ உதவுதான்னு சந்தேகமா இருந்தா, ஆன்லயும் பைபாஸ்லயும் லெவலை சமமா வெச்சுக்கங்க, 1 டிபி கூடுனாலே நல்லா இருக்குற மாதிரி தோணும். கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கை மறந்துபோற அளவுக்கு பைபாஸ் பட்டனைத் தட்டுங்க, அப்புறம் நிதானமா மாத்தி மாத்திக் கேட்டு, எது "ஆன்"னு சொல்லிட்டு கண்ணைத் திறங்க. பல தடவை பண்ணியும் கண்டுபிடிக்க முடியலன்னா அந்த ஈக்யூவை எடுத்துடலாம்.